வரவேற்க ஒரு வரிசை

அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகள் விமானத்தில் ஏறத் தொடங்குமுன் ஓர் அறிவிப்பு ஒலிப்பது வழக்கம். சக்கர நாற்காலியில் வந்திருப்போரும் கைக்குழந்தையுடன் வந்திருப்போரும் முதலில் ஏறலாம் என்று கூறும் அந்த அறிவிப்பு, பணியில் இருக்கும் படைவீரர்களையும் அவர்களுடன் சேர்த்து அழைக்கும். சில வேளைகளில், தோளில் பையுடன் நிற்கும் ஓர் இளைஞர் தயங்கியபடியே முன்னே செல்வார். பல வேளைகளில் யாருமே செல்வதில்லை. படைவீரர்களுள் பலர் பயணத்தின்போது சீருடை அணிவதில்லை. அணிந்திருந்தாலும், எல்லாரும் பார்க்க முன்னே நடந்து செல்லச் சிலருக்குக் கூச்சமாக இருக்கும்.

அமெரிக்கர்கள் இந்த ஓர் அறிவிப்போடு நின்றுவிடுவதில்லை. வசதியான முதல் வகுப்பு இருக்கையில் அமர்ந்திருக்கும் பயணி, பின்னால் நெருக்கடியில் அமர்ந்திருக்கும் படைவீரரிடம் இடத்தை மாற்றிக்கொள்வது உண்டு. முகம் தெரியாத ஒருவர் படைவீரரின் உணவுக்குப் பணம் செலுத்திவிட்டுப் பெயரைக்கூடச் சொல்லாமல் போவதும் உண்டு. விமானி ஒலிபெருக்கியில் ஒரு வார்த்தை சொன்னால் பயணிகள் கைதட்டுவார்கள். பெரிய விமான நிலையங்கள் பலவற்றில் படைவீரர்கள் கால் நீட்டி உறங்கவும், தேநீர் அருந்தவும், வீட்டாருடன் பேசவும் தனி ஓய்விடங்கள் இருக்கின்றன. 1941ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட யு.எஸ்.ஓ. என்னும் தொண்டு அமைப்பு அவற்றை நடத்துகிறது.

இவற்றையெல்லாம் பார்ப்பவர்கள், இது அந்த நாட்டில் என்றுமே இருந்து வந்த பழக்கம் என்று எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. இடையில் ஒரு தலைமுறை வீரர்கள் யாருடைய வரவேற்பும் இல்லாமல் வீடு திரும்பினார்கள்.

விமானப் பயணம் பரவலாவதற்கு முன்பு, இரயில் நிலையங்களில்தான் மக்கள் படைவீரர்களைச் சந்தித்தார்கள். 1941 டிசம்பரில் அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. அந்த மாதம் 17ஆம் நாள், நெப்ராஸ்கா மாநிலத்தின் நார்த் பிளாட் என்னும் சிற்றூரில் ஒரு செய்தி பரவியது. அவ்வூர் இளைஞர்கள் இருக்கும் 'டி' படைப்பிரிவு இரயிலில் அவ்வழியே வரப்போகிறது என்பதே அச்செய்தி. பெற்றோரும் உறவினரும் பலகாரங்களும் பரிசுப் பொருள்களுமாக நிலையத்தில் கூடினார்கள். இரயிலும் வந்தது. அதில் 'டி' படைப்பிரிவுதான் இருந்தது. ஆனால், அது நெப்ராஸ்காவின் படைப்பிரிவு அன்று. பக்கத்து மாநிலமான கான்சாஸின் படைப்பிரிவு. வந்திருந்த இளைஞர்களுள் ஒருவரையும் ஊர்மக்களுக்குத் தெரியாது.

கூட்டம் ஒரு கணம் திகைத்தது. பிறகு, தங்கள் பிள்ளைகளுக்கென்று கொண்டு வந்தவற்றையெல்லாம் அந்த வேற்றூர்ப் பிள்ளைகளுக்கே கொடுத்துவிட்டது. அங்கிருந்த ரே வில்சன் என்னும் இளம்பெண், ஒவ்வொரு படை இரயிலையும் இவ்வாறே வரவேற்கலாமே என்று உள்ளூர்ச் செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதினார். கிறிஸ்துமஸ் நாளன்று பணி தொடங்கியது. அக்காலத்து நீராவி இரயில்கள் தண்ணீர் நிரப்பவும் எண்ணெய் இடவும் அவ்வூரில் சுமார் பத்து நிமிடம் நிற்கும். அந்தப் பத்து நிமிடத்திற்குள் இறங்கிய அனைவருக்கும் ரொட்டியும் காப்பியும் கொடுத்தாக வேண்டும். யாருக்கேனும் அன்று பிறந்தநாள் என்றால் அவருக்கு ஒரு கேக்கும் கிடைத்தது. சர்க்கரைக்குப் பங்கீட்டு முறை இருந்த காலம் அது. 1946 ஏப்ரல் முதல் நாள் வரை இந்தப் பணி ஒரு நாளும் நிற்கவில்லை. ஏறத்தாழ 60 இலட்சம் படைவீரர்கள் அவ்வழியே சென்றார்கள். சுற்று வட்டாரத்தில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் முறை வைத்து உணவு கொண்டு வந்தன.

அந்தப் போர் முடிந்தபோது, படைவீரர்கள் பெரும்பாலும் கப்பலில் திரும்பினார்கள். கடலைக் கடக்கப் பல நாள் ஆயிற்று. போர்க்களத்தில் உடன் இருந்த நண்பர்களே கப்பலிலும் உடன் இருந்தார்கள். பார்த்தவற்றைப் பேசவும், பேச முடியாதவற்றைப் பேசாமல் உட்கார்ந்திருக்கவும் அவர்களுக்கு நேரம் கிடைத்தது. விமானம் அந்த நேரத்தை எடுத்துக்கொண்டது. படைவீரர்களின் பயண வரலாற்றில் இது எளிதில் கண்ணில் படாத மாற்றம். ஆனால் மிகப் பெரிய மாற்றம்.

வியட்நாம் போரின்போது இந்த மாற்றம் முழுமையாகத் தெரிந்தது. அங்குச் சென்ற ஒவ்வொரு வீரருக்கும் தனித்தனியே காலம் குறிக்கப்பட்டிருந்தது. பெரும்பாலோர்க்கு அது 12 மாதம். படைப்பிரிவு முழுவதும் சேர்ந்து திரும்புவதில்லை. யாருடைய ஆண்டு முடிகிறதோ அவர் மட்டும் திரும்புவார். இராணுவம் வாடகைக்கு அமர்த்திய பயணிகள் விமானங்களில் அவர்கள் கலிபோர்னியாவுக்கு வந்தார்கள். அந்த விமானத்திற்கு 'விடுதலைப் பறவை' என்று வீரர்கள் செல்லப்பெயர் வைத்திருந்தார்கள். ஒக்லண்ட் படைத்தளத்தில் சிலருக்குப் புதிய சீருடையும் இறைச்சி விருந்தும் கிடைத்தன. அதன்பின் அவர்கள் சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்திற்குச் சென்று, மற்றப் பயணிகளோடு பயணிகளாக ஊருக்கு விமானம் ஏறினார்கள். காட்டில் துப்பாக்கியுடன் நின்ற ஒருவர், இரண்டு மூன்று நாளுக்குள் தம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அமர்ந்திருப்பார். இடையில் பேசுவதற்குத் தோழர்கள் எவரும் இல்லை.

அந்தப் போரை அமெரிக்கர்களுள் பலர் வெறுத்தார்கள். போரின் மீதிருந்த கோபம், போருக்குச் சென்றவர்கள் மீதும் படர்ந்தது. அவர்களுள் பெரும் பகுதியினர் 20 வயதை ஒட்டிய இளைஞர்கள். கட்டாயப் படைச்சேர்ப்பின் கீழ் அழைக்கப்பட்டவர்களும் பலர். சீருடையில் சென்றால் யாரேனும் ஏதேனும் சொல்வார்களோ என்று அஞ்சி, விமான நிலையக் கழிவறையிலேயே உடை மாற்றிக்கொண்டதாகப் பலர் பின்னாளில் கூறியிருக்கிறார்கள். யாரும் திட்டவில்லை, ஆனால் யாரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று நினைவுகூர்வோரும் உண்டு. அடுத்த இருக்கையில் இருந்தவர் செய்தித்தாளை விரித்துப் படித்துக்கொண்டே வந்தால், அதுவும் ஒரு பதில்தான்.

1973ஆம் ஆண்டில் கட்டாயப் படைச்சேர்ப்பு நின்றது. அன்று முதல் விரும்பிச் சேர்வோர் மட்டுமே அமெரிக்கப் படையில் இருக்கிறார்கள். இன்று முழுநேரப் பணியில் இருப்போர் ஏறத்தாழ 13 இலட்சம் பேர். மக்கள்தொகையில் இது நூற்றுக்கு ஒருவர் என்ற அளவைக்கூட எட்டாது. எனவே, படையில் யாரையுமே நேரில் அறியாத குடும்பங்கள் அங்கு ஏராளம். சிங்கப்பூரில் நிலைமை வேறு. 1967ஆம் ஆண்டு முதல் தேசிய சேவை நடப்பில் இருப்பதால், அண்ணனோ தம்பியோ அடுத்த வீட்டுப் பையனோ சீருடையில் வார இறுதிக்கு இரயிலில் வீடு திரும்புவதை இங்கு எல்லாரும் பார்த்திருப்பார்கள். பரந்து கிடக்கும் அமெரிக்காவிலோ ஒரு படைவீரரும் ஒரு சாதாரணக் குடிமகரும் அருகருகே அமரும் இடம், பெரும்பாலும் விமானம் ஒன்றுதான். அங்கு நடக்கும் சிறு செயல்களுக்கு இவ்வளவு கனம் ஏற்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

வியட்நாமிலிருந்து திரும்பியவர்களுக்கு நேர்ந்தது இன்னொரு முறை நேரக்கூடாது என்று எண்ணியவர்கள் 1991இல் ஒரு வாய்ப்பைக் கண்டார்கள். வளைகுடாப் போர் அவ்வாண்டு பிப்ரவரி இறுதியில் முடிந்தது. மார்ச் மாதத்தில் வீரர்களை ஏற்றிய விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேய்ன் மாநிலத்தின் பேங்கோர் விமான நிலையத்தில் வந்து இறங்கின.

அந்த ஊர் ஏன்? அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது மேய்ன். அட்லாண்டிக் கடலைக் கடந்து வரும் விமானம், எரிபொருள் நிரப்பவும் விமானிகளை மாற்றவும் அங்கு இறங்குவது வசதி. பேங்கோர் ஒரு காலத்தில் விமானப்படைத் தளமாக இருந்தது. அந்தத் தளம் 1968இல் மூடப்பட்டாலும், கனத்த போர் விமானங்களுக்காக அமைத்த ஓடுபாதை அப்படியே இருந்தது. அதன் நீளம் 11,000 அடிக்கும் அதிகம். சிறிய ஊருக்கு அவ்வளவு பெரிய ஓடுபாதை! நார்த் பிளாட்டில் தண்ணீருக்காக இரயில் நின்றது. பேங்கோரில் எரிபொருளுக்காக விமானம் நின்றது. மண்ணில் கால் வைக்க வீரர்களுக்குக் கிடைத்தது ஓரிரு மணி நேரம்தான். ஆனால் பல மாதங்களுக்குப் பிறகு அவர்கள் மிதித்த முதல் சொந்த மண் அதுவே.

ஊர்மக்கள் விமான நிலையத்தில் திரண்டு கைதட்டினார்கள். 2003இல் ஈராக் போர் தொடங்கியபோது, அவர்களுள் ஒரு பகுதியினர் மீண்டும் கூடினார்கள். 'மேய்ன் படைவீரர் வரவேற்பாளர்கள்' என்னும் பெயர் அவர்களுக்கு ஏற்பட்டது. இம்முறை வேலை சில வாரத்தில் முடியவில்லை. பகலில் ஒரு விமானம் வரும். நள்ளிரவில் ஒன்று வரும். விடியற்காலை மூன்று மணிக்கு இன்னொன்று வரும். மேய்ன் மாநிலத்தின் குளிர்காலத்தில் சாலையெல்லாம் பனி மூடிக் கிடக்கும். தொலைபேசிவழித் தகவல் கிடைத்ததும், தொண்டூழியர்கள் எழுந்து உடை மாற்றிக்கொண்டு வண்டியை எடுத்துச் செல்வார்கள். அவர்களுள் பெரும்பாலோர் ஓய்வு பெற்ற மூத்தோர். இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் வியட்நாமிலும் பணியாற்றியவர்கள் அவர்களிடையே இருந்தார்கள்.

விமானத்திலிருந்து இறங்கி நீண்ட நடைபாதையில் வரும் வீரர்களை இருபுறமும் நிற்கும் வரவேற்பாளர்கள் கைகுலுக்கி வரவேற்பார்கள். விரும்பியவர்களை அணைத்துக்கொள்வார்கள். அங்கு உரைகள் இல்லை. மாலை மரியாதைகளும் இல்லை. வீட்டில் சுட்ட பிஸ்கட்டுகள் மேசையில் இருக்கும். அதைவிட முக்கியமான ஒன்றையும் அவர்கள் வைத்திருந்தார்கள். அது கைத்தொலைபேசி. கட்டணமின்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். பாலைவனத்திலிருந்து வந்த ஓர் இளைஞருக்கு அப்போது தேவைப்பட்டது பாராட்டுப் பத்திரம் அன்று. தம் தாயின் குரல். அதைப் புரிந்துகொள்ள, அதே நிலையில் ஒரு காலத்தில் நின்றவர்களால்தான் முடிந்தது போலும். தொலைபேசியைக் கொடுத்துவிட்டு அந்த முதியவர்கள் சற்றுத் தள்ளிப் போய் நின்றுகொள்வார்கள்.

போருக்குப் புறப்படும் விமானங்களும் பேங்கோர் வழியாகவே சென்றன. திரும்பி வருவோரை வரவேற்பது மகிழ்ச்சி. போவோரை வழியனுப்புவது அப்படியன்று. கை குலுக்கும் இளைஞர்களுள் எத்தனை பேர் திரும்பி இதே நடைபாதையில் வருவார்கள் என்பது எவருக்கும் தெரியாது. என்றாலும் அவ்விமானங்களுக்கும் வரிசை நின்றது. 2009இல் வெளிவந்த 'தி வே வி கெட் பை' என்னும் ஆவணப்படம் இந்த வரவேற்பாளர்களுள் மூன்று முதியவர்களைப் பின்தொடர்கிறது. அவர்களுள் ஒருவர் இயக்குநரின் தாயார். முதுமை, நோய், தனிமை ஆகியவற்றோடு போராடிக்கொண்டிருந்த அவர்களுக்கு, அந்த நள்ளிரவுப் பயணங்களே வாழ்க்கைக்கு ஒரு பிடிப்பாக இருந்ததை அப்படம் மறைக்காமல் காட்டுகிறது. கொடுப்பவர், பெறுபவர் இருவருள் யாருக்கு அது அதிகம் தேவைப்பட்டது என்று படம் பார்ப்பவர் தடுமாறக்கூடும்.

காலப்போக்கில் பேங்கோரில் வரவேற்கப்பட்டவர்களின் எண்ணிக்கை பத்து இலட்சத்தைத் தாண்டியது. பல படைப்பிரிவுகளின் வீரர்கள் தங்கள் பிரிவுச் சின்னம் பொறித்த நாணயங்களை நன்றியாகக் கொடுத்துச் சென்றார்கள். இராணுவத்தில் அத்தகைய நாணயத்தைத் தருவது பெருமதிப்பின் அடையாளம். ஆயிரக்கணக்கான நாணயங்கள் விமான நிலையத்தில் கண்ணாடிக்குள் காட்சிக்கு வைக்கப்பட்டன.

டல்லஸ் நகரின் விமான நிலையத்திலும் இத்தகைய வரவேற்பு நடந்தது. போர்க்களத்திலிருந்து இரு வார விடுமுறைக்கு வந்த வீரர்கள் அங்கு வந்திறங்கி, சாதாரணப் பயணிகள் விமானங்களில் தத்தம் ஊருக்குச் சென்றார்கள். தீயணைப்பு வண்டிகள் இருபுறமும் நின்று நீரைப் பீய்ச்சி வளைவு அமைக்க, அதன் கீழே விமானம் ஊர்ந்து வரும். 2004 முதல் 2012 வரை தொண்டூழியர்கள் அங்கு நாள்தோறும் வந்து நின்றார்கள்.

இப்படிக் கைதட்டலும் நீர்வளைவும் வழக்கமாகிவிட்ட காலத்தில்தான், 2011 ஜூனில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய 34 வீரர்கள் லூசியானாவில் இருக்கும் தங்கள் தளத்திற்குச் செல்ல ஒரு பயணிகள் விமானத்தில் ஏறினார்கள். அவர்களுள் பலரிடம் நான்கு பைகள் இருந்தன. மூன்று பைகளுக்கு மேல் இலவசமாக ஏற்ற முடியாது என்று அந்த விமான நிறுவனம் கூறிவிட்டது. நான்காவது பை ஒவ்வொன்றுக்கும் 200 டாலர் கட்டணம். மொத்தம் 2,800 டாலருக்கு மேல் ஆயிற்று. வீரர்கள் தங்கள் சொந்தப் பணத்தைச் செலுத்தினார்கள். விமானத்தில் அமர்ந்தபடியே அவர்களுள் இருவர் ஒரு காணொளி எடுத்து வெளியிட்டார்கள். தாம் கட்டணம் செலுத்திய பையில் இருப்பவை, போர்க்களத்தில் தம்மையும் பிறரையும் காக்கப் பயன்படுத்திய ஆயுதங்கள் என்று ஒருவர் அதில் அமைதியாகச் சொன்னார்.

காணொளி நாடெங்கும் பரவியது. மறுநாளே நிறுவனம் மன்னிப்புக் கேட்டது; நான்கு பைகள் வரை கட்டணம் இல்லை என்று விதியை மாற்றியது. வேறு நிறுவனங்களும் தங்கள் விதிகளைத் தளர்த்தின. முகப்பில் இருந்த ஊழியர் கெட்டவர் அல்லர். விதியில் இருந்ததைச் செய்தார். வீரர்களை முதலில் ஏற அழைக்கும் ஒரு துறையின் கட்டணப் பட்டியலில், அவர்கள் சுமந்து வரும் பையைப் பற்றி யாரும் சிந்தித்திருக்கவில்லை. முதலில் ஏற அழைப்பதற்குச் செலவில்லை. பையை இலவசமாக ஏற்றுவதற்குச் செலவுண்டு.

உயிருடன் திரும்பாதவர்களும் பயணிகள் விமானங்களில் வந்தார்கள். 2004 ஏப்ரலில் ஈராக்கில் உயிரிழந்த சான்ஸ் ஃபெல்ப்ஸ் என்னும் 19 வயது வீரரின் உடலுக்குத் துணையாகச் செல்ல, மைக்கேல் ஸ்ட்ரோபல் என்னும் கடற்படைப் பிரிவு அதிகாரி தாமாக முன்வந்தார். இருவரும் முன்பின் அறிமுகம் இல்லாதவர்கள். டோவர் படைத்தளத்தில் தொடங்கிய பயணம் ஃபிலடெல்ஃபியா, மினியாபொலிஸ், பில்லிங்ஸ் வழியாக வயோமிங் மாநிலத்தின் ஒரு சிற்றூரில் முடிந்தது. ஒவ்வொரு நிலையத்திலும் பேழையை விமானத்தில் ஏற்றும்போதும் இறக்கும்போதும் ஸ்ட்ரோபல் அருகில் நின்று வணக்கம் செலுத்தினார். பயணிகளுள் பலருக்குத் தங்கள் காலடியில், சரக்கு அறையில், யார் இருக்கிறார் என்பது தெரியாது. தெரிந்தவர்கள் செய்தவை மிகச் சிறியவை. பயணச்சீட்டு முகப்பில் இருந்த பெண்மணி கேட்காமலே அவருக்கு முதல் வகுப்பில் இடம் கொடுத்தார். ஒரு விமானப் பணிப்பெண், தம்மிடம் இருந்த சிறிய தங்கச் சிலுவையை அவர் கையில் வைத்து அழுத்தினார். திரும்பிய பின் ஸ்ட்ரோபல் இவற்றையெல்லாம் ஒரு கட்டுரையாக எழுதினார். 2009இல் அது 'டேக்கிங் சான்ஸ்' என்னும் திரைப்படமாயிற்று.

எல்லாக் குடும்பங்களுக்கும் அத்தகைய அனுபவம் அமையவில்லை. 2005 நவம்பரில், சான் டியாகோவில் வாழ்ந்த ஒரு தம்பதியர்க்கு ஈராக்கில் இறந்த மகனின் உடல் வரப்போவதாகத் தகவல் வந்தது. பயணிகள் விமானத்தில், பெட்டிகளோடு பெட்டியாக, சரக்காக அது வரும் என்று தெரிந்ததும் அவர்கள் கலங்கினார்கள். தாயும் தந்தையும் முன்னாள் படைவீரர்கள். அவர்கள் தங்கள் மாநிலத்தின் நாடாளுமன்ற மேலவை உறுப்பினரிடம் முறையிட்டார்கள். மகனை மரியாதை அணிவகுப்புடன் இறக்க ஏற்பாடாயிற்று. தங்களுக்குக் கிடைத்ததோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை; பிற பெற்றோருக்காகவும் குரல் கொடுத்தார்கள். மறு ஆண்டு சட்டம் மாறியது. 2007 தொடக்கம் முதல், போரில் இறந்தோரின் உடலை இராணுவ விமானத்திலோ இராணுவம் அமர்த்திய தனி விமானத்திலோ வீட்டுக்கு அருகில் உள்ள விமான நிலையம் வரை கொண்டு வர வேண்டும். இறக்கும்போது சீருடையில் வீரர்கள் நின்று மரியாதை செலுத்த வேண்டும்.

காலம் கடந்த வரவேற்பு ஒன்றும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியோருக்கான தேசிய நினைவகம் வாஷிங்டனில் 2004இல்தான் திறக்கப்பட்டது. போர் முடிந்து 59 ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. ஒஹாயோ மாநிலத்தில் முன்னாள் வீரர்களுக்கான மருந்தகம் ஒன்றில் பணியாற்றிய ஏர்ல் மோர்ஸ், தம்மிடம் வரும் முதியவர்களிடம் அதைப் பார்க்கப் போவீர்களா என்று கேட்பார். போவோம் என்று முதலில் சொன்னவர்கள், சில மாதம் கழித்துக் கேட்டபோது பேச்சை மாற்றினார்கள். பணம் இல்லை, உடலில் வலு இல்லை, அழைத்துச் செல்ல ஆளும் இல்லை. மோர்ஸுக்குச் சிறு விமானம் ஓட்டத் தெரியும். அவர் தம் விமானக் கழகத்து நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார்: முதியவரிடம் ஒரு காசும் வாங்கக்கூடாது, நாள் முழுவதும் உடனிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். 2005 மே மாதத்தில் ஆறு சிறு விமானங்கள் 12 முதியவர்களுடன் புறப்பட்டன.

'ஹானர் ஃபிளைட்' என்னும் அந்தத் திட்டத்திற்கு விரைவில் சிறு விமானங்கள் போதவில்லை. பெரிய பயணிகள் விமானங்களில் அவர்கள் செல்லத் தொடங்கினார்கள். இதுவரை இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சென்று வந்திருக்கிறார்கள். முன்னாள் வீரர்களுக்குக் கட்டணம் இல்லை. உடன் செல்லும் பாதுகாவலர் தம் செலவைப் பெரும்பாலும் தாமே ஏற்றுக்கொள்கிறார். சக்கர நாற்காலியைத் தள்ளுவது, மருந்து வேளையை நினைவூட்டுவது, நினைவகச் சுவரின் முன் முதியவர் மௌனமாக நிற்கும்போது பேசாமல் நிற்பது ஆகியவையே அவருடைய வேலை.

இந்தத் திட்டத்தில் பலரும் மறவாதது, திரும்பும் விமானத்தில் நடக்கும் ஒன்று. போர்க்காலத்தில் முகாமுக்குக் கடிதம் வந்தால், ஒருவர் நின்று பெயர்களை உரக்கப் படிப்பார். பெயருக்குரியவர் ஓடிச் சென்று வாங்கிக்கொள்வார். அதைப் போலவே விமானத்திலும் பெயர்கள் படிக்கப்படுகின்றன. ஒவ்வொருவர் மடியிலும் ஒரு கடிதக்கட்டு வந்து சேர்கிறது. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பழைய நண்பர்கள், முகம் தெரியாத பள்ளி மாணவர்கள் ஆகியோர் எழுதியவை அவை. அதை எழுதி வாங்கிச் சேர்க்கக் குடும்பத்தார் சில வாரங்களாக இரகசியமாக உழைத்திருப்பார்கள்.

இரண்டாம் உலகப் போர் வீரர்கள் இன்று மிகச் சிலரே எஞ்சியிருக்கிறார்கள். ஆகவே, இப்போது இந்த விமானங்களில் பெரும்பாலும் வியட்நாமில் பணியாற்றியவர்கள் செல்கிறார்கள். அவர்களும் 70 வயதைக் கடந்துவிட்டார்கள். மாலையில் சொந்த ஊரில் விமானம் இறங்கியதும், நுழைவாயிலைத் தாண்டி வரும் அவர்களுக்காகக் கொடிகளுடன் ஒரு கூட்டம் காத்திருக்கும். பள்ளி இசைக்குழு வாசிக்கும். இளம் வயதில் ஒருவரும் அறியாமல் வந்திறங்கிய அதே விமான நிலையத்தில் இப்போது இறங்குவோரும் அவர்களுள் உண்டு. சிலர் கையசைத்துக்கொண்டே நடப்பார்கள். சிலர், இந்தக் கூட்டம் வேறு யாருக்கோ என்று எண்ணித் திரும்பிப் பின்னால் பார்ப்பார்கள்.